மேவிஸ் பொறுப்பேற்ற ஆறு வாரங்கள்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வீடு கட்டி விற்கும் எங்கள் கம்பெனியில் மேவிஸ் கட்ஃபோர்த் செய்த வேலையை வேறு யாரும் விரும்பிக் கேட்டதில்லை. கடைக்கால் போடுமுன் மண்ணுக்கடியில் பழங்காலத்து மிச்சம் உண்டா என்று தோண்டிப் பார்த்து அறிக்கை கொடுத்தால்தான் உள்ளூர் கவுன்சில் கட்ட விடும். செலவு, வீடு கட்டுகிறவர் தலையில். எந்தத் தொல்லியல் குழுவை அமர்த்துவது என்று முடிவு செய்வது மேவிஸ். பதினாறு வருடம் எதிர்மேசையிலிருந்து பார்த்தவன் நான்.

நாலு குழுக்கள் விலை அனுப்பினால் மற்றவர்கள் கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் பார்ப்பார்கள். மேவிஸ், அந்தக் குழுக்களிடம் முன்பு வேலை வாங்கியவர்களுக்குப் போன் போடுவார்.

"நல்லா செஞ்சாங்களான்னு கேக்கல. சிக்கல் கிளம்பினப்ப எத்தனாவது நாள் உங்ககிட்ட சொன்னாங்க?"

பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அவர்கள் தோண்டும் இடத்துக்கே போய் நிற்பார். குழியின் ஓரம் நேராக இருக்கிறதா, பைகளில் சீட்டு எழுதியிருக்கிறதா, போன வருட அறிக்கை முடிந்ததா என்று பார்ப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. 2007இல் ஒரு பழைய ஆலை மனைக்கு, இருப்பதிலேயே மலிவானவர்களை அவரே அமர்த்தினார். கிடைத்ததை அவர்கள் மூடி மறைத்தார்கள். கவுன்சில் கண்டுபிடித்து வேலையை நிறுத்தியது. இருந்த வீட்டை விற்றுவிட்டுக் காத்திருந்த பதினோரு குடும்பங்கள் அந்தக் குளிர்காலத்தைக் கேரவன் என்ற வண்டிவீட்டிலும் உறவினர் வீட்டிலும் கழித்தன. இருமுகிற குழந்தையோடு ஒரு பெண் வந்து மேவிஸின் மேசை முன்னால் நின்றாள். 

2014 மார்ச், ஒரு வியாழக்கிழமை. புது மனையில் தோண்ட மேவிஸ் அமர்த்தியிருந்த குழுவின் தலைவர் எம்லின் போன் செய்தார். வேல்ஸ்காரர், இழுத்து இழுத்துப் பேசுவார். அன்று இழுக்கவில்லை.

"மேவிஸ், எலும்பு. ஒன்பதாம் நம்பர் வீட்டு மனைலேர்ந்து பதினாலு வரைக்கும். இது இடுகாடு. ஆயிரத்து நானூறு வருஷமாவது இருக்கும்."

"எப்பப் பாத்தீங்க?"

"இருபது நிமிஷம் ஆகுது."

திங்கட்கிழமை கான்கிரீட் வண்டி வருவதாக இருந்தது.

முதலாளி பெல்டன் அறைக்கதவை உதைக்காத குறையாக வந்தார். "எத்தனை நாள் கேக்கறான்?"

"அஞ்சு வாரம்."

"அந்த ஆளை மூட்டை கட்டச் சொல்லு. எனக்கு வேற ஆள் தெரியும்."

மறுநாள் காலையே அந்த வேறு ஆளைக் கூட்டிவந்தார். டாரன் என்று பெயர், பளபளக்கும் பூட்ஸ். குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான், கீழே இறங்கவில்லை.

"பத்து நாள் போதும் பாஸ்."

மேவிஸ் கேட்டார்: "எலும்பை எடுக்க நீதி அமைச்சகத்தோட உரிமம் வேணுமே?"

"வாங்கிடலாம்."

"எத்தனை உடம்பு இருக்கும்னு நினைக்கிறீங்க?"

டாரன் பெல்டனைப் பார்த்துச் சிரித்தான். "பத்து நாள்ல எத்தனை கண்ணுல படுதோ, அத்தனைதான்."

பெல்டனும் சிரித்தார். மேவிஸ் டாரனை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் பெல்டன். எம்லின்தான் செய்வாரு."

"அப்போ எழுதிக் குடு. தாமதத்துக்கு நீதான் பொறுப்புன்னு. அஞ்சு வாரத்துக்கு மேல ஒரு நாள் போனாலும் நீ இந்த மனைப் பக்கமே வரக்கூடாது."

மேவிஸ் கார் பானெட்டின் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார். எழுத்து கோணிப் போயிருந்ததை நான் பார்த்தேன்.

அன்று மதியமே கவுன்சிலின் தொல்லியல் அதிகாரியைப் பார்க்க ஓடினார். தெற்குப் பாதியில் சோதனைக் குழிகள் வெறுமையாக இருந்ததால், அங்கே மட்டும் கட்டத் தொடங்கலாம் என்று எழுத்தில் வாங்கி வந்தார். கான்கிரீட் வண்டி திங்கட்கிழமை அங்கே போனது. பெல்டன் நன்றி சொல்லவில்லை.

வடக்குப் பாதியில் உடல்களின் எண்ணிக்கை ஏறியது. ஒன்பது, இருபத்திரண்டு, முப்பத்தொன்று. நாலாவது வாரம் விடாத மழை. குழிகளில் முழங்கால் தண்ணீர். எம்லின் சேறு சொட்ட அலுவலகத்துக்கே வந்தார்.

"அஞ்சு வாரம்னு சொன்னேன். முடியாது. ஆறு ஆகும்."

"யார் கழுத்து மாட்டியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" மேவிஸ் இரைந்ததை அன்றுதான் முதன்முறை கேட்டேன். "உங்கள நம்பித்தானே எழுதிக் குடுத்தேன்!"

"தெரியும். அதான் போன்ல சொல்லாம நேர்ல வந்தேன்."

 மேவிஸ் தானே நடந்து பெல்டன் அறைக்குப் போய்ச் சொன்னார்.  

ஆறு வாரமும் இரண்டு நாளும் ஆயின. நாற்பத்தாறு உடல்கள். அதிகாரி ஒவ்வொரு பதிவையும் புரட்டிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். தெற்கில் அதற்குள் கூரை ஏறியிருந்ததால், செப்டம்பரில் வருவதாக இருந்த குடும்பங்கள் செப்டம்பரிலேயே குடியேறின. பெல்டனும் சொன்ன சொல் தவறவில்லை. மேவிஸை அந்த மனையிலிருந்து எடுத்து, கூரை ஓடும் மரமும் வாங்கும் பிரிவில் போட்டார்.

ஓய்வு பெறும்வரை நாலு வருடம் அங்கேயே இருந்தார். ஒருமுறை கேன்டீனில் அவரிடம் கேட்டேன், திரும்பவும் அதையே செய்வீர்களா என்று.

"எல்லாரும் நான் 'ஆமா'ன்னு சொல்லுவேன்னுதான் எதிர்பாக்கறீங்க." உருளைக்கிழங்கு வறுவலைத் தள்ளிவைத்தார். "அந்த ஆறு வாரம் சாப்பாடே இறங்கல எனக்கு. எம்லினைத்தான் எடுப்பேன், அதுல சந்தேகமில்ல. ஆனா அந்தக் காகிதத்தை எழுதிக் குடுப்பேனான்னு கேட்டா, தெரியலப்பா."