அம்மன் நியமித்த தலைவரும் சங்கப் பதிவும்

சங்கச் செயலாளர் வேலை என்பது, பிறர் கட்டிக் குடியேறிவிட்ட வீட்டுக்குப் பின்னர் அஸ்திவாரம் தோண்டும் வேலை. அப்பதவியை வகித்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏனையோர் பொறுமையுடன் படிக்கவும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பெண்பிள்ளைகள் பள்ளி ஆசிரியை. மாலை நேரங்களில் ஒரு மாதர் ஆதரவுச் சங்கத்தின் செயலாளர். தோட்டங்களிலிருந்து திக்கற்று வரும் பெண்களுக்காக ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம் ஒரு வீடு நடத்தினோம். சங்கத்தை நிறுவிய தலைவர் காலமானார். அடுத்த தலைவர் முறைப்படி வந்தவர்தாமா என்று பதிவு அலுவலகம் கேட்டது. மாத முடிவுக்குள் ஒழுங்கு செய்யாவிடில் பதிவு ரத்து. பதிவற்ற சங்கம் கூடுவதே குற்றம். வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

கிராணியின் கேள்வி

பதிவு அலுவலகத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். சொற்சிக்கனமுள்ள மனிதர். புதிய தலைவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று வினவினார். நான் உண்மையைச் சொன்னேன். மறைந்த தலைவரின் மருமகன் வேலாயுதம், ரயில்வே பட்டறை மேஸ்திரி. அவர் தலைவராகலாமா என்று கேட்டு, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் சந்நிதியில் போட்டார்கள். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. வெள்ளை வந்தால் உத்தரவு. அன்றே அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள், எவரும் எதிர்க்கவில்லை.

சங்க விதிகளைக் கிராணி முன் வைத்தவளே நான்தான். தலைவரை உறுப்பினர்கள் கூடிக் கை உயர்த்தித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவர் அவ்வரியின் மேல் விரலை வைத்தபடி கேட்டார்: "உங்கட அம்மன் இந்தச் சங்கத்திலே மெம்பரோ?"

மேஸ்திரியின் பதில்

வேலாயுதம் தீயவர் அல்லர். அவ்வீட்டுக் கூரை ஒழுகியபோதெல்லாம் தாமே ஏணி வைத்து ஏறியவர். ஆனால் தேர்தல் என்றதும் முகம் கறுத்தது. பொதுக்கூட்டம் கூட்டித் தேர்வு செய்தால் அவரே மீண்டும் வருவார் என்றேன். யார் வருவார் என்பதல்ல, யாரை மீறுகிறோம் என்பதே கேள்வி என்றார். சட்டத்தை விளக்கினேன். சர்க்காருக்குப் பயந்து சாமியைச் சோதிப்பதா என்றார்.

நான் எளிதில் பின்வாங்குகிறவள் அல்லள். எனினும் அன்று வாசல்வரை வந்து வழியனுப்பிய அவருடைய மரியாதை, மறுப்பைவிடக் கடுமையாக இருந்தது. "டீச்சரம்மா, அம்மன் குடுத்த உத்தரவை பட்டறையில எங்கிட்ட வேலை செய்யிற பயலுக கை தூக்கி சரி பார்க்கணுமா? அதுக்கு நீங்க சங்கத்தையே மூடிருங்க!"

பூட்டு

வீட்டிலிருந்த பெண்களிடம் செய்தியை மறைப்பதில் பயனில்லை. தாயம்மா என்பவள் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியின் கைக்கு அஞ்சி, உடுத்திய சேலையோடு லயத்து வீட்டை விட்டு ஓடி வந்தவள். கங்காணியின் ஆள் பாசார்ச் சந்தையில் நின்று அவளை விசாரித்ததாகச் செய்தி வந்திருந்தது. நான் சொன்னதை அவள் அரிசி புடைத்தபடியே கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "பூட்டுறதா இருந்தா, என்னைய உள்ள வச்சுப் பூட்டுங்கம்மா."

கிள்ளானில் ஒரு துணிக்கடை

மேஸ்திரி இசையாவிட்டாலும் பொதுக்கூட்டத்தைக் கூட்டிவிடுவதென்று முடிவு செய்தேன். அதற்கு உறுப்பினரில் பாதிப்பேராவது நேரில் வர வேண்டும். அவர்களில் பலர் கிள்ளானில் இருந்தனர். ரயிலேறிச் சென்றேன். கதவு கதவாகத் தட்டினேன். "மேஸ்திரிக்கு எதிராவாம்மா? வேணாம்மா" என்பதே எங்கும் விடை. எதிராக அன்று, ஆதரவாகவே கை உயர்த்துங்கள் என்றாலும் அஞ்சினார்கள். அம்மன் தீர்ப்பைத் தாங்கள் திருத்துவதாகிவிடுமாம்.

இறுதியாகத் துணிக்கடை காதர் ராவுத்தரிடம் சென்றேன். வீட்டுப் பெண்களுக்குச் சேலை கொடுத்துவந்த பழைய உறுப்பினர். அவர் அளவுகோலால் முதுகைச் சொறிந்தபடி சிரித்தார். "பூக் கட்டினப்ப இந்த ராவுத்தனை யாரு கேட்டீங்க? சட்டம் வந்து உதைச்சப்புறம்தான் நான் மெம்பர்னு ஞாபகம் வருது. வர்றேன் போங்கம்மா, கிள்ளான்காரங்களையும் இழுத்துட்டு வர்றேன்."

கூட்டம்

சொன்னபடியே இழுத்து வந்தார். கூடம் நிறைந்தது. கிராணி ஒரு மூலையில் அமர்ந்தார். வேலாயுதம் வந்தார், வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் பெயரை முன்மொழிந்து, ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றேன். ஒரு கையும் எழவில்லை. மறுமுறை கேட்டேன். எல்லோரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தனர். கிராணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அப்போது அடுக்களை வாயிலில் தாயம்மாவின் குரல் எழுந்தது. "நாளைக்கு கங்காணி வந்து என் தலைமயிரப் புடிச்சு இழுத்தாலும் இப்படித்தான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா, சாமி?"

வேலாயுதம் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "அம்மனுக்குக் கோபம்னா அத நான் பார்த்துக்கிறேன். கேளுங்க டீச்சரம்மா" என்று தம் கையைத் தாமே முதலில் உயர்த்தினார். கூடம் முழுவதும் கைகள் எழுந்தன. கிராணி பேனாவை மீண்டும் எடுத்தார்.

எதிர்ப்பவர் உண்டா என்று முறைக்காகக் கேட்டேன். காதர் ராவுத்தர் மட்டும் கை உயர்த்தினார். மேஸ்திரி முறைத்தார். ராவுத்தர் கையை இறக்கவில்லை. "கோவப்படாதீங்க மேஸ்திரி! எல்லாரும் ஒரே பக்கம் தூக்கினா, கூத்து கட்டினோம்னுல்ல பதிவாபீசு துரை சொல்லுவாரு!"

பதிவு நிலைத்தது, வீடு திறந்தே இருந்தது, எங்கள் சங்கத்துச் சண்டைகளெல்லாம் அன்றுமுதல் சட்டப்படி நடந்தன.