அவர் உடைத்த பன்னீர் சோடா

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சி காஜாமலைப் பக்கம் உள்ள விளையாட்டு மைதானத்துக்கு வெளியே நடந்தது இது.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. உயிர் பிழைத்துவிட்டார்; வலது கைதான் சொன்னபடி கேட்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? சோறு பிசைந்து ஊட்டுவது, தலை வாருவது, பேப்பரைப் புரட்டுவது வரை எல்லாம் நானே. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே என்னை மெச்சியது. அவரோ பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அமுக்குவதையும் விட்டுவிட்டார். இப்படியே படுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

இளவயதில் அவர் ஃபுட்பால் ஆடிய மைதானமாயிற்றே, ஒரு மேட்ச் பார்த்தால் முகம் தெளியும் என்று ஆட்டோ வைத்து அழைத்துப்போனேன். இடைவேளையில் வெளியே வந்தோம். ஒரு பெண் தள்ளுவண்டியில் கோலி சோடா விற்றுக்கொண்டிருந்தாள்.

“பன்னீர், இஞ்சி, நன்னாரி எல்லாம் இருக்குக்கா. அரியமங்கலத்துல எங்க வீட்டுலயே போடுறது. ருசி பாத்துட்டு சொல்லுங்க” என்று டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தாள். இஞ்சி சோடா மூக்கு வரை ஏறி, நடுத்தெருவில் நான் ஏப்பம் விட்டு மானம் போயிற்று.

இவர் பன்னீர் சோடா கேட்டார். அவள் மூடிய பாட்டிலை அப்படியே அவரிடம் நீட்டினாள். கோலியைக் கட்டைவிரலால் அழுத்திச் சோடா உடைப்பது அந்த வண்டியில் குடிப்பவர் வேலை போலிருக்கிறது. நான் வழக்கம்போலப் பிடுங்கப் போனேன்.

“அவரால முடியாதும்மா, இங்க குடு.”

“இருங்கக்கா, அண்ணன் பாக்கட்டுமே. பாட்டில நான் புடிச்சுக்கறேன்.”

அவர் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நழுவியது. மறுபடி அழுத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை. நாலு பேர் பார்க்கிறார்களே என்று எனக்கு அழுகை முட்டியது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பையே சாய்த்து அழுத்தினார். டப்! சட்டை முழுக்க நுரை.

சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. பாட்டிலை என்னிடம் நீட்டி, “இந்தா, மொதல்ல நீ குடி” என்றார்.

வாங்கி ஒரு வாய் குடித்தேன். நோய் முடக்கியது போக மிச்சத்தை நான் முடக்கிப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். கால் மணி நேரம் ஆகிறது. பரபரக்கும் கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். எட்டு மாதம் ஓடியோடிச் செய்ததைவிட, அந்தக் கால் மணி நேரம் சும்மா நிற்பதில்தான் அவர் மேல் எனக்குள்ள பிரியம் அதிகம் இருக்கிறது என்று தோன்றுகிறது.