கொக்கிப்புழுவும் முனியாண்டியும்

முதலில் கால்விரல் இடுக்கில் அரித்தது. மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டச் (பட்டையைக் கீறிப் பால் எடுக்க) சேர்ந்த புதிது. மழைக்காலம். வெறுங்காலோடு நிற்பவனுக்குச் சேற்றுப்புண் வருவது புதுமையா என்று மஞ்சளும் மண்ணெண்ணெயும் குழைத்துத் தடவினேன். சில நாளில் ஆறிப்போனது. நோய் போய்விட்டது என்று நினைத்தேன். அது அப்போதுதான் உள்ளே வந்திருந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதிலிருந்து எங்கும் நிலைத்து இருந்ததில்லை. ரயில் பாதையில் கல் கொட்டினேன், பலகை ஆலையில் மரம் இழுத்தேன். காய்ச்சல் வந்தால் படுப்பேன், விட்டால் எழுந்து நடப்பேன். உடம்பைப் பற்றி அதற்கு மேல் யோசித்ததில்லை. என்னைப் போன்றவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கொஞ்ச காலம் கழித்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் மூச்சு வாங்கியது. பால்வாளியைத் தூக்கினால் நெஞ்சு காதுக்குள் அடித்தது. சோறு இறங்கவில்லை. அடுப்பு மண்ணைச் சுரண்டித் தின்ன ஆசை வந்தது, தின்றேன். கங்காணி என்னைச் சோம்பேறி என்றார். நானும் அதை நம்பினேன்.

பக்கத்து நிரையில் (மர வரிசையில்) பால் வெட்டும் அங்கம்மா அக்கா நம்பவில்லை.

"தம்பி, உன் மூஞ்சி தொரை மூஞ்சி மாதிரி வெளுத்துப்போச்சு. பங்களா மட்டும்தான் இன்னும் குடுக்கல. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் (மருந்து கொடுப்பவர்) யாழ்ப்பாணத்துக்காரர். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், கண்ணுக்குள்ள ரத்தமே இல்ல. வயித்துக்குள்ள கொக்கிப்புழு."

இரத்தசோகை (இரத்தம் குறைந்து உடல் வெளுப்பது) என்றார். கொக்கிப்புழு என்பது குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும் நூல் போன்ற புழு. மனித மலம் கலந்த ஈர மண்ணில் அதன் குஞ்சுகள் கிடக்கும். வெறுங்காலைத் துளைத்து ஏறும். என் சேற்றுப்புண் அவை நுழைந்த வாசல்.

இரவு பட்டினி. காலையில் புழுக்கொல்லி எண்ணெய், பிறகு பேதி உப்பு. எண்ணெயின் நாற்றத்தை இன்னும் நாக்கு மறக்கவில்லை. தலை சுற்றியது, காதுக்குள் சில்வண்டு கத்தியது. இது மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். வெளியே வந்ததைத் துணியில் அலசி டிரெஸ்ஸர் காட்டியபோது, இத்தனை பேருக்கா சோறு போட்டேன் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"சிரிக்கிறன் எண்டு நினையாதேயும். நீர் திரும்பி வருவீர்."

வந்தேன். சில மாதங்களில் அதே மூச்சு, அதே வெளுப்பு. இந்த முறை மருந்து என்னைக் கிழித்துப் போட்டது. எழுந்து உட்கார முடிந்ததும் டிரெஸ்ஸர் பக்கத்தில் வந்தார். "மூண்டாந்தரம் இந்த எண்ணெயை உம்மட உடம்பு தாங்காது. தோட்டத்தில கக்கூஸ் கட்டிக் கிடக்கு. ஒருத்தரும் போறதில்ல. ஏன் காணும்?"

"கதவு முனியாண்டியப் பாத்து இருக்குங்க."

அவருக்கு அது தெரியாது. கட்டியவர்களுக்கும் தெரியாது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் நல்ல மேட்டு நிலம் என்று கட்டிவிட்டார்கள். எதிரே அரசமரத்தடியில் எங்கள் முனி. கதவைத் திறந்தால் நேரே அவர் கண். ஆகவே உள்ளே விறகை அடுக்கிவிட்டு எல்லோரும் மரக்காட்டுக்குள் போனோம். அதே மண்ணில்தான் விடியற்காலையில் வெறுங்காலோடு பால் வெட்டினோம்.

நான் பூசாரி மாரிமுத்து அண்ணனிடம் போனேன். அவரும் பால்வெட்டுத் தொழிலாளிதான். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றார். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனி இலையில் மடித்து முனியின் முன் போடுவார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு.

"நோயாளி நீ. நீயே எடு."

கக்கூஸ் அங்கேயே இருக்கலாமா என்று கேட்டு எடுத்தேன். சிவப்பு. இலையைப் பிரித்துக் கூட்டத்துக்குக் காட்டினேன்.

அங்கம்மா அக்கா முன்னால் வந்தார். "கேட்ட கேள்வி தப்பு. யாரு தன் வாசல்ல கக்கூஸ் வச்சுக்கன்னு உத்தரவு குடுப்பா? கதவ அந்தப் பக்கம் திருப்பிக்கிறோம், பொறுத்துக்கோன்னு கேளுங்க."

"சாமிகிட்டயே பேரமா?" என்றார் பூசாரி.

"அவரும் நம்ம லயத்து ஆளுதானே அண்ணே. பேசலாம்."

மறுபடி எடுத்தேன். வெள்ளை.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் டிரெஸ்ஸர் பேசினார். துரைக்கு முனி எப்படிப் போனாலும் கவலையில்லை. வேலைக்கு ஆள் எழுந்து நிற்க வேண்டும். சரி என்றார். முன்வாசலைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடி, பின்பக்கம் வாசல் வைத்தோம். அப்போதும் யாரும் போகவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் நம் ஜனம் எப்படிப் போகும்? கூரைத் தகரத்து மழைநீர் விழும்படி ஒரு பீப்பாயை வைத்தோம், ஒரு டப்பாவையும். அதன் பிறகுதான் கூட்டம் வந்தது. முனி பூசைக்குக்கூட இவ்வளவு பேர் வருவதில்லை என்று மாரிமுத்து அண்ணன் அலுத்துக்கொண்டார். லயத்தில் இருந்த எல்லோருக்கும் டிரெஸ்ஸர் மருந்து கொடுத்தார். நான் மரக்கட்டை மிதியடி போட்டுக்கொண்டேன். சரிவில் அது வழுக்கும், ஆனாலும் போடுங்கள்.

அடுத்த மழைக்காலம் போன பிறகு டிரெஸ்ஸர் இமையை இழுத்துப் பார்த்தார். "நல்ல சிவப்பு. போம் காணும், உமக்கு இஞ்ச வேலையில்ல."

என் உடம்பு என் தோலோடு முடிகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. லயத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கீழே ஒரே மண். இன்று ஒருவர் விட்டுப்போனது வாரங்கள் கழித்து இன்னொருவர் காலில் ஏறுகிறது.

நோயில் ஒரு நிரை முடிவதற்குள் ஒரு யுகம் போகும். ஒருநாள் கடைசி மரத்தை வெட்டிவிட்டு நிமிர்ந்தேன்; வெயில் இன்னும் இலையைத் தாண்டித் தரைக்கு இறங்கவில்லை. மிச்சமிருந்த காலைப்பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வேரில் உட்கார்ந்தேன்.

அங்கம்மா அக்கா பார்த்துவிட்டார். "என்ன தம்பி, திரும்பவும் முடியலையா?"

"இல்லக்கா. வேல முடிஞ்சிருச்சு."

அவர் நம்பாமல் என் கடைசி மரத்தில் பால் சொட்டும் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.