அக்கா கொடுத்த ஷீட்

என் அக்கா ஒரு கண் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். டோக்கன் கொடுப்பது, பழைய கோப்பைத் தேடி எடுப்பது, கண்ணில் மருந்து விட்டவர்களை வரிசையாக உட்காரவைப்பது அவள் வேலை. பல வருடம் அதைச் செய்த பிறகு, முப்பத்து நான்காவது வயதில், மாலை வகுப்பில் உளவியல் முதுகலைக்கு விண்ணப்பித்தாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அண்ணியைத் தவிர.

"நானும் சேரட்டுமா? ரெண்டு பேருமா போயிட்டு வரலாம்," என்றார் அண்ணி.

"சேருங்களேன்," என்று அக்கா சிரித்தாள். அன்று துணி மடிக்கும்போது ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி அக்காவைவிட இரண்டு வயது சின்னவர். முறைக்காக அக்கா அவரை "வாங்க அண்ணி" என்பாள். வயதுக்காக அவர் அக்காவை "நீங்க" என்பார். வெளியாட்கள் பார்த்தால் எங்கள் வீட்டில் மரியாதை வழிந்தோடுவதாக நினைப்பார்கள். "சின்னப் பொண்ணை அண்ணின்னு கூப்பிடும்போது தொண்டையில ஏதோ சிக்குதுடி," என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு பேருக்கும் வழிகாட்டி ஒரே மேடம். அக்கா எழுதிக் கொடுத்த பக்கங்கள் சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தன. அண்ணியின் பக்கங்களில் ஓரத்தில் "நன்று" என்று இருந்தது. மேடம் அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்காவை இரண்டாம் ஆண்டிலும் "அந்தக் கண் ஆஸ்பத்திரிப் பொண்ணு" என்றார். இதையெல்லாம் அண்ணி வீட்டில் சொல்லிச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அக்காவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

இருவரும் தனிமை உணர்வைப் பற்றியே ஆய்வு செய்தார்கள். தமிழில் பெயர்த்து வைத்த கேள்வித்தாள் ஒன்று மேடத்திடம் தயாராக இருந்தது. அக்கா எடுத்துக்கொண்டது பார்வை மங்கிவரும் நோயாளிகளை. அண்ணி எடுத்துக்கொண்டது வேலைக்குப் போகும் பெண்களை: புகுந்த வீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம், விடுதியில் தனியாக இருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

"வெளியில எதுக்கு ஆள் தேடுறீங்க? வீட்டுலயே ரெண்டு கேஸ் இருக்கே," என்றான் அண்ணன்.

"மூணு," என்றார் அண்ணி. "உங்களை விட்டுட்டீங்க."

அண்ணிக்கு ஆட்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். அலுவலகத்துத் தோழிகள் கேள்வித்தாளை வாங்கிப்போய் நிரப்பி, தோழிகளின் தோழிகளிடமும் வாங்கி வந்தார்கள். அக்கா தன் நோயாளிகளிடம் தாளை நீட்டியபோதுதான் உறைத்தது: கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருப்பவர்களால் படிக்க முடியாது.

"ஏம்மா, எழுத்தே தெரியலன்னுதான் இங்க வந்து உக்காந்திருக்கோம். எங்ககிட்ட தாளை நீட்டுறியே," என்றார் ஒரு பெரியவர். வரிசையே சிரித்தது.

அதனால் ஒவ்வொரு கேள்வியையும் அக்காவே வாசித்து, பதிலைக் கேட்டு, எண்ணைத் தானே குறித்துக்கொண்டாள். அதில் அவளுக்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்தக் கேள்வித்தாளில் பாதி வாக்கியங்கள் வருத்தத்தின் பக்கமிருந்து பேசும்: "எனக்கு யாருமில்லை என்று தோன்றுகிறது." மறுபாதி மகிழ்ச்சியின் பக்கமிருந்து பேசும்: "என்னைப் புரிந்துகொள்ள ஆள் இருக்கிறது." முதல் வகைக்கு "எப்போதும்" என்றால் நான்கு மதிப்பெண். இரண்டாம் வகைக்கு அதே "எப்போதும்" என்றால் ஒன்றுதான் போட வேண்டும். திருப்பிப் போடாவிட்டால், நிறைய ஆள் இருப்பவரும் தனிமையில் வாடுவதாகக் கணக்கு காட்டும். எல்லோரும் இதைக் கடைசியில் கணினியில் செய்வார்கள். அக்கா நோயாளி வாய் திறந்த உடனே மனதுக்குள் திருப்பி, சரியான எண்ணையே எழுதிவிடுவாள். ஆகவே அவள் லேப்டாப்பில் தயாரித்த ஷீட்டுக்குக் கூட்ட மட்டும்தான் தெரியும். திருப்பத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி கேட்டார். "உங்க ஷீட்டை எனக்கும் குடுங்களேன். ஃபார்முலா போட உக்காந்தா எனக்குத் தலை சுத்துது."

"எடுத்துக்கோங்க அண்ணி," என்று அக்கா அனுப்பிவிட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அண்ணியின் முடிவு வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சராசரி. மேடம் பூரித்துப்போனார். "தனியா இருந்தாலும் ஒண்ணுதான், குடும்பத்துல இருந்தாலும் ஒண்ணுதான்! எவ்வளவு பெரிய விஷயத்தைப் பிடிச்சிருக்கே!" என்று சொல்லி, ஒரு கருத்தரங்குக்கும் அண்ணியின் பெயரைக் கொடுத்தார். அண்ணன் கேக் வாங்கி வந்தான். அக்கா தன் துண்டைத் தட்டிலேயே குத்திக்கொண்டிருந்தாள்.

அக்காவின் ஆய்வின் முடிவு, பார்வை குறையக் குறையத் தனிமை கூடுகிறது என்பது. "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே," என்றிருந்தார் மேடம்.

சமர்ப்பிக்க வேண்டிய வாரத்தில் அண்ணி தன் ஆய்வேட்டை அக்காவிடம் நீட்டினார். "ஒரு தடவை பாத்துடுங்க. உங்க கண்ணுக்குத்தான் எதுவும் தப்பாது."

அக்கா நிதானமாகப் படித்தாள். குறை தேடித்தான் படித்தாள். அதை அவளே ஒப்புக்கொள்வாள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் நம்பகத்தன்மை எண்ணை அண்ணி தானே கணக்கிடாமல், கேள்வித்தாளோடு வந்த கையேட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தது முதலில் கண்ணில் பட்டது. ஏன் என்று பின்னிணைப்பைப் புரட்டினாள். அண்ணியின் பெண்கள் தாங்களே நிரப்பிய எண்கள் திருப்பப்படாமல் அப்படியே கூட்டப்பட்டிருந்தன. வருத்தமும் மகிழ்ச்சியும் ஒன்றையொன்று அடித்துவிட்டு, எல்லோரும் நடுவில் வந்து நின்றிருந்தார்கள். மேடம் கொண்டாடிய முடிவு அதுதான்.

மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது அக்கா இதை என்னிடம் சொன்னாள். "மனசு அப்படியே குளுகுளுன்னு இருக்குடி."

"அண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"அக்கா! வாய்மொழித் தேர்வுல வெளியாள் வந்து கண்டுபிடிச்சா அவங்க கதி?"

"மேடம்தானே பாத்துக் கையெழுத்துப் போட்டாங்க? எனக்கென்ன?" காய்ந்த துண்டை உதறினாள். தூசி போன பிறகும் உதறிக்கொண்டே இருந்தாள்.

பைண்டிங் கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் இரண்டு கட்டுகளையும் மேசையில் தட்டி விளிம்பை ஒழுங்குபடுத்தினார். அண்ணியுடையதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இது நல்ல கனம். முதுகுல பேர் அழகா உக்காரும்." பிறகு அக்காவுடையதை எடுத்தார். "இது கொஞ்சம் ஒல்லி. எழுத்தைச் சின்னதாப் போட்டுச் சமாளிச்சிடலாம்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். பசை தடவும் தூரிகையை அவர் எடுக்கப்போன நேரத்தில் அக்காவின் வாய் திறந்தது.

"அண்ணி, நீங்க மார்க்கைத் திருப்பிப் போடவே இல்ல. உங்க முடிவு மொத்தமும் தப்பு."

நல்லெண்ணத்தில் சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். அந்த முகம் வாடுவதைப் பார்க்க வேண்டியிருந்தது அவளுக்கு. அது வாடவும் செய்தது.

"ஷீட்டுலயே நீங்க திருப்பியிருப்பீங்கன்னு நினைச்சேன்," என்றார் அண்ணி.

"நான் எழுதும்போதே திருப்பிடுவேன்."

"குடுக்கும்போது அதைச் சொல்லலையே."

"மறந்துட்டேன்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் தூரிகையைத் திரும்ப டப்பாவில் வைத்தார். "பசை காஞ்சிடும், முடிவா சொல்லுங்க," என்றார்.

"அவங்களோடதை மட்டும் ஒட்டுங்க," என்று அண்ணி தன் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அங்கேயே ஒரு முக்காலியில் லேப்டாப்பைத் திறந்தார். எந்தெந்த வாக்கியம் என்று அக்கா சொல்லச் சொல்ல, எண்களைத் திருப்பினார். கடைசியில் சராசரிகள் மாறி நின்றன. இரண்டும் இப்போது ஒன்றாக இல்லை. புகுந்த வீட்டில் இருப்பவர்களின் சராசரிதான் மேலே ஏறியிருந்தது. விடுதிப் பெண்களைவிட அவர்கள்தான் அதிகம் தனிமையாக இருந்தார்கள்.

அண்ணி திரையை ரொம்ப நேரம் பார்த்தார். "இதுதான் சரி," என்றார். "இப்பதான் அவங்க சொன்ன மாதிரி இருக்கு." யாரைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அக்கா குறித்த நாளில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். துறை அலுவலகத்தில் முத்திரை குத்தியவர் தலை நிமிரவில்லை. அண்ணிக்கு மேடம் தானே துறைத்தலைவரிடம் பேசிக் கூடுதல் நாள் வாங்கிக் கொடுத்தார். புதிய முடிவைப் பார்த்ததும், "முதல்ல இருந்ததைவிட இதுதான்மா கண்டுபிடிப்பு!" என்றாராம். அதை அண்ணன் வந்து சொன்னபோது அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என் கையாலேயே எடுத்துக் குடுத்திருக்கேன் பாரு," என்று தரையிடம் சொன்னாள்.

இரண்டு பேரும் தேறினார்கள். அண்ணிக்கு முதல் தரம். அக்காவுக்கு அதற்கு அடுத்தது.

அண்ணி அக்காவிடம் அதன்பிறகு ஒரே ஒரு முறைதான் அந்தப் பேச்சை எடுத்தார். நான் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நிஜமாவே மறந்துட்டீங்களா?"

அக்கா யோசித்தாள். "தெரியல அண்ணி. சொல்லணும்னு அப்போ தோணல. அது மறதியா, வேறயான்னு எனக்கே தெரியல."

"சரி," என்றார் அண்ணி. சண்டை போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சாப்பிட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்று வழக்கம்போல் கேட்கிறார். வேறு எதையும் கேட்பதில்லை.

கருத்தரங்குக்கு முன்னால் அண்ணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "குட்டி, நான் பேசுறதைக் கொஞ்சம் கேளு. எங்க புரியலன்னு சொல்லு." நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு உளவியல் தெரியாது. தலையாட்டினேன்.

வெளியே வந்தபோது அக்கா கூடத்தில் நின்றிருந்தாள். கதவை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும்.

"ரெண்டாவது வரைபடம் வரும்போது ரொம்ப வேகமாப் போறா. அங்கதான் எல்லாரும் கேள்வி கேப்பாங்க. நிறுத்திப் பேசச் சொல்லு."

"நீயே உள்ள போய்ச் சொல்லேன்."

"என்னை எங்க கேட்டா?" என்றாள் அக்கா. "உன்னைத்தானே கூப்பிட்டா."