என் பெயரில் அச்சான பாவாயி பாட்டு

மனைவி கட்டிய பாட்டைத் திருடித் தன் பெயரில் அச்சுக்குக் கொடுத்தவன் நான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாது; வேறு பலரும் இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரிகையை அவளுக்கே தபாலில் அனுப்பிவைத்த மூடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மலாயாவில், கெடாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. இங்கே விடியற்காலையில் திருகை சுற்றும் சத்தம் கிடையாது. மாவைச் சீனன் கடையில் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். காதுக்கு அந்தக் குறை தெரிந்ததோ என்னவோ, முகம் கழுவும்போது என் மனைவி பாவாயியின் பாட்டை என்னையறியாமல் முணுமுணுப்பேன். ஆபீஸ் பியூன் மாட் என்ற மலாய்க்காரன் ஒரு நாள் கவலையோடு, "கிராணி, சாக்கிட்?" என்றான். உடம்புக்கு என்ன என்று கேட்கிறான். ஒரு மனிதன் தன்னைத் தானே பார்த்து, தான் மாறிப்போனதை உணர்ந்து பாடும் பாட்டு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விளக்கினேன். மறுநாள் ஒரு கொத்துப் பச்சிலையைக் கொண்டுவந்து, கொதிக்கவைத்து மூன்று வேளை குடிக்கச் சொன்னான். குடித்தேன். ஆத்ம விசாரம் நிற்கவில்லை. வயிறு மட்டும் சுத்தமாயிற்று.

மோகனூரில் எங்கள் வீட்டில் ராகி திரிப்பவர்கள் இரண்டு பேர்: பாவாயியும், கணவரை இழந்து எங்களோடு இருந்த என் அக்காவும். எதிரெதிரே உட்கார்ந்து ஒரே பிடியை இருவரும் பிடித்துச் சுற்றுவார்கள். பாவாயி ஓர் அடி விட, அக்கா அதை வாங்கித் திருப்பிப் பாடுவாள். வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து ஆடிக்கு ஆடி ஒரு கண்ணியாகப் பாவாயி கட்டிவந்த பாட்டு அது. உப்புப் பானை எதுவென்று தெரியாமல் விழித்தது முதல் கண்ணி. பால் கறக்கப் போய் எருமையிடம் உதை வாங்கியது இரண்டாவது. ஒவ்வொரு கண்ணியும் இப்படி முடியும்:

கல்லு சுத்துது, மாவு கொட்டுது,
முந்தி இருந்தவ நானில்லை.

ஆறாவது கண்ணி கட்டிய வருஷம் நான் கப்பலேறினேன். ஒன்பது வருஷம் ஊர்ப்பக்கம் போகவில்லை. அவளை அழைத்துக்கொள்ள நினைத்தபோதெல்லாம் ஏதாவது தடை. தடை இல்லாதபோது சோம்பல்.

இங்கே எங்கள் தோட்டத்து வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் ஏதாவது வாசியுங்கள் என்றார்கள். நாலு புத்தகம் படித்தவன் வெறுங்கையோடு போகலாமா? அந்த ஆறு கண்ணிகளையும் எடுத்துச் செப்பனிட்டேன். திருகைக் கல்லைக் காலச்சக்கரம் ஆக்கினேன். உப்புப் பானை அஞ்ஞானமாயிற்று, எருமை மாயையாயிற்று. 'இருந்தவ' என்பதை 'இருந்தவன்' என்று திருத்தினேன். கைதட்டல் பலமாக இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கையோடு வாங்கிப்போய் அச்சிட்டார். இரண்டு மாதத்துக்குள் அதை நானே எழுதியதாக எனக்கே நினைவு வந்துவிட்டது. அந்த மயக்கத்தில்தான் ஊருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பாவாயிக்கு எழுத்து வாசனை கிடையாது. அவள் கடிதங்களை எழுதித் தருபவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரே பத்திரிகையையும் வாசலில் நின்று உரக்க வாசித்திருக்கிறார். அதன் பிறகு கடிதமே வரவில்லை.

ஆறு மாதம் பொறுத்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினேன். இந்த முறை அவளை அழைத்து வந்தே தீருவது என்று துரையிடம் கெஞ்சிக் குடும்ப வீடு ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். தனி வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் பாவாயியும் அக்காவும் திருகைக்கு உட்கார்ந்தார்கள். நான் தூணில் சாய்ந்திருந்தேன். ஆறு கண்ணி முடிந்தது, கல் நிற்கவில்லை. ஏழாவதில் கிணறு வற்றிப்போய், கயிற்றைப் பிடித்து இறங்கி அவளே சேறு வாரினாள். ஒன்பதாவதில் அவள் அப்பன் செத்தான். பதினொன்றாவதில் தனியாக வண்டி பூட்டி நாமக்கல் சந்தைக்குக் கடலைக்காய் கொண்டுபோனாள். அடுத்ததில் நான் வருவேன், அடுத்ததில் வருவேன் என்று காத்திருந்தேன். பதினைந்தும் முடிந்து மாவும் தீர்ந்தது. எங்கும் நான் இல்லை. திட்டியாவது பாடியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல தமிழில் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். பாவாயி முதல் வாக்கியத்திலேயே கையமர்த்திவிட்டாள். "பாட்டுப் போனாப் போவுதுங்க," என்றாள். சரி, என்னோடு புறப்படு, அங்கே வீடு தயாராக இருக்கிறது என்றேன். அவள் சுளகில் மாவை அள்ளிக்கொண்டே, கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்:

"ஏனுங்க, ஆறாவது கண்ணியில ஒருத்திய உட்டுட்டுப் போனீங்களே, அவளத்தான் கூட்டிட்டுப் போவ வந்திருக்கறீங்க. அவ இந்த ஊட்டுல இல்லீங்க. எனக்கு உங்களத் தெரியலீங்க."

"பழகிக்கலாம், பாவாயி."

"பழகோணும்னா இங்க இருந்து பழகுங்க. ஒரு ஆடி இருங்க, பார்க்கலாம்."

லீவோ, கப்பல் நாள் போக ஒரு மாதம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். இத்தனை படித்த வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவளும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாவுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு மாதமும் முடிந்து, கரூரில் ரயிலேறுவதற்காகப் பரிசலில் காவிரியைக் கடந்தேன். அக்கா மட்டும் வழியனுப்பக் கூட வந்தாள். ஆற்றின் நடுவில் இழுப்பில் பரிசல் மெல்லச் சுழன்றது. உட்கார்ந்த இடத்தை விட்டு நான் அசையவில்லை. மோகனூர்க் கரை கண்முன் வந்தது, விலகியது, அக்கரை வந்தது, மறுபடி மோகனூர். எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

கரை சேர்ந்து மணலில் இறங்கியதும், நான் மாறிவிட்டேன் என்று அவளுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். அக்கா என் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"முந்தி இருந்தவன் நானில்லேன்னு அச்சடிச்சே, சரி சாமி. வந்த ஒரு மாசமும் அவுத்த வேட்டியக் கெணத்தடியிலயே போட்டுட்டு வந்தயே, அத அலசிப் போட்டது ஆருன்னு நெனச்சே?"