கல்யாணத்துக்கு வராத கடன்

போன வாரம் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. திருவூடல் தெருவில் இரண்டு கட்டு ஓட்டு வீடு. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "தை மாசமே வாங்கிட்டதா சொன்னீங்களே?"

சொன்னேன். கடன் ஆபீஸை நம்பிச் சொன்னேன்.

விற்றவர் வேர்க்கடலை மண்டி முனுசாமி. மாசியில் மகளுக்குக் கல்யாணம். வீட்டுப் பணத்தில்தான் நகை. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் எழுதியாயிற்று. தை முடிவதற்குள் மீதியைத் தர வேண்டும். வேலூர் ஆபீஸில் வீட்டுக் கடனும் சாங்ஷன் ஆகிவிட்டது. பணம்?

"சாங்ஷன் வேற, பணம் வேற சார்" என்றார் குமாஸ்தா. "கையெழுத்துப் போடற அதிகாரி கேம்ப் போயிருக்கார்."

அதிகாரி திரும்பியதும் குமாஸ்தா லீவில் போனார். இருவரையும் ஒரே நாளில் பார்ப்பது கிரகணம் பார்ப்பது போலத்தான்…

கெடு வரும்வரை ஒளிந்து திரிவதா? "முனுசாமி கேக்கறதுக்கு முன்னாடி நாமளே போய்ச் சொல்லிடலாங்க" என்றாள் மனைவி. போனேன். தாமதத்துக்கு வட்டி தருகிறேன், கெடுவைத் தள்ளி எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

முனுசாமி தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"வட்டிய வச்சிக்கினு நான் என்ன பண்றது சார்? சம்பந்தி கேட்டா இன்னா பதில் சொல்றது? வீட்டு மேல பழி போட்டு நகை போடாம ஏமாத்தறான்னு நெனப்பாங்க."

"அந்தப் பதிலை நான் சொல்றேங்க" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

மறுநாள் இருவரும் சம்பந்தி ஊரான கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: ஒரு பெண்ணின் கல்யாணம் என் கடனில் தொங்குகிறதே.

மாப்பிள்ளையின் அப்பா விவசாயி. "தப்பு இவர் மேல இல்லீங்க. எனக்கு ஆபீஸ்ல வர வேண்டிய கடன்…" என்று ஆரம்பித்தேன்.

"ஆபீஸ் கடனா?" என்றவர், எங்களைக் கொல்லைக்கு அழைத்துப் போய் ஒரு பள்ளத்தைக் காட்டினார்.

"கிணத்துக் கடன். மொதத் தவணையில இவ்ளோதான் வெட்டினேன். ரெண்டாவது இன்னும் வரல." முனுசாமி பக்கம் திரும்பினார். "நகைய அப்புறம் போட்டுக்கலாம். கல்யாணத்த தள்ளாதீங்க."

முனுசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் சொன்னார்.

நான் வாங்கிய — இன்னும் வாங்காத — வீட்டிலேயே கல்யாணம் நடந்தது. முனுசாமி என்னை எல்லோருக்கும் "வீட்டுக்காரர்" என்று அறிமுகப்படுத்தினார். மறுக்கவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. பாயசம் சாப்பிட்டேன்.

பணம் வந்தபோது பெண் தலை ஆடிக்கு வந்திருந்தாள். வட்டியோடு கொடுத்தேன். முனுசாமி வட்டியைத் தனியாக எடுத்து, ஆடிச் சீர் என்று மகள் கையில் வைத்தார்.

செக்கை நீட்டும்போது குமாஸ்தா பெருமையாகச் சொன்னது: "எங்க ஆபீஸ் சொன்ன தேதி தப்பினதே இல்ல சார்."

வாஸ்தவம். தேதி சொன்னால்தானே தப்புவதற்கு?