ஞாயிற்றுக்கிழமை அப்பா

பெரியப்பா வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. "இவளுக்கு இன்னா இவ்ளோ திமிரு" என்று பெரியம்மா முணுமுணுப்பார். திமிர்தான். பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அப்பா போன பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் என்று தெருவே சொல்லும். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார், ரேஷன் கார்டுக்கு அலைந்தார், அம்மாவுக்குக் கல்பாக்கத்தில் ஒரு கேன்டீனில் வேலை வாங்கிக் கொடுத்தார். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? நன்றி வேறு, கோபம் வேறு. எனக்கு இரண்டும் இருக்கிறது. கோபம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

அப்போது எனக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்த்தார். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், காலையில் வேலைக்குக் கிளம்பி பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரியம்மாவின் தங்கை பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "அப்பாவுக்கு லேசா ஜொரம், ஆஸ்பத்திரில வெச்சிகீறாங்க. ரெண்டு நாளு எங்க வூட்ல இருங்க" என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் செய்யூருக்கு பஸ் ஏற்றினாள்.

மூன்று நாள் அங்கே இருந்தோம். அவித்த வேர்க்கடலை கொடுத்தார்கள், டிவி போட்டுவிட்டார்கள், கேட்காமலேயே ஐஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மாவிடம் போனில் பேசவேண்டும் என்றேன். "அம்மா தூங்குறா" என்றார்கள். காலையிலும் தூங்குகிறாளாம், மத்தியானமும் தூங்குகிறாளாம். ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் புரிதலுக்குள் சாவு இல்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி ஜாலியாக இருந்தான். சவுக்குத் தோப்பில் ஓடி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான்.

நான்காம் நாள் திரும்பி வந்தோம். தம்பி அந்தச் சித்தியின் மடியில் தூங்கிவிட்டான். எங்கள் ஊர் ஸ்டாப்பில் பஸ் நின்றதும் நான் முதலில் இறங்கினேன். எதிரே மின் கம்பத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. அதில் என் அப்பா.

அந்தப் படம் எனக்குத் தெரியும். மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்தது. அதில் தம்பி அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்திருப்பான், அவன் கால்கள் அப்பாவின் மார்பில் தொங்கும். பேனர்க்காரன் அந்தக் கால்களை அழித்துவிட்டு, அப்பா வாழ்நாளில் போட்டிராத ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டியிருந்தான். கீழே 'ஆறாத் துயரில் வாடும்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள். முதல் பெயர் பெரியப்பாவுடையது. என் பெயரும் தம்பி பெயரும்கூட இருந்தன. எனக்கே தெரியாமல் நான் ஆறாத் துயரில் வாடிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் மறைக்கச் சொன்னது பெரியப்பா. பிணத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று செய்யூருக்கு அனுப்பச் சொன்னது அவர். பேனருக்குப் படம் தேடிக் கொடுத்ததும், அதை ஸ்டாப்பில் கட்டச் சொன்னதும் அவரேதான். நாங்கள் அதே ஸ்டாப்பில்தான் வந்து இறங்குவோம் என்பது அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதும் தோன்றவில்லை.

வீட்டுக்குள் ஓடினேன். அம்மா ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். "அப்பா எங்க?" என்று நான் கத்தியதும் பெரியப்பா என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். முந்தா நாளே எடுத்துவிட்டார்கள். புதைத்தாகிவிட்டது. பால் தெளித்தும் ஆகிவிட்டது. தம்பி போட வேண்டிய மூன்று கைப்பிடி மண்ணையும் பெரியப்பாவே போட்டிருந்தார்.

"ஏன் பெரிப்பா எனக்குக் காட்டல?"

"பாத்து இன்னா பண்ணப் போற? சின்னப் பசங்களுக்கு இன்னா தெரியும்?" என்றார். பிறகு குனிந்து, என் முகத்துக்கு நேராக, "இதோ பாரு. உனுக்குத் தெரிஞ்சிபோச்சி, சரி. அவனுக்கு ஒண்ணியும் தெரியக்கூடாது. அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிகீறாருன்னு அவன்கிட்ட சொல்லப் போறேன். அவன் அழ ஆரம்பிச்சா உங்கம்மா தாங்க மாட்டா, அவளும் போயிடுவா. நீ அவன் எதிர்ல அழக்கூடாது. ஒரு சொட்டு கண்ணீரு பாத்தேன், தோல உரிச்சிடுவேன்" என்றார்.

அம்மாவும் போய்விடுவாள் என்ற அந்த ஒரு வார்த்தை போதும். என் வாய் பூட்டிக்கொண்டது. எங்களுடையது ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வீடு. எங்கே திரும்பினாலும் தம்பி இருப்பான். அவன் எதிரில் அழக்கூடாது என்றால் அழவே கூடாது என்றுதான் அர்த்தம். அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை, வாய்விட்டு அழவும் இல்லை. மகள் என்று பேனரில் போட மட்டும் நான் வேண்டும்.

அதன்பின் அந்தப் பொய்யைக் கட்டிக் காப்பாற்ற ஊரே வேலை செய்தது. மாலை போட்ட படத்தைப் பெரியப்பா வீட்டில் வைத்தார்கள். பேனரை அன்று மாலையே கழற்றினார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் தம்பிக்கு மொட்டை அடித்தே ஆகவேண்டும் என்று பெரியவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். "அப்பா நல்லபடியா போய்ச் சேரணும்னு வேண்டுதல்டா" என்று பெரியப்பா அவனை ஏமாற்றி உட்கார வைத்தார். அம்மா நெற்றியில் ஏன் பொட்டு இல்லை என்று கேட்டதற்கு, "அலர்ஜி" என்றார்கள். பெட்டிக்கடைக்காரர்கூட, "இன்னா, அப்பா துபாய்லேர்ந்து மிட்டாய் அனுப்புனாரா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. பெரியப்பா செங்கல்பட்டில் ஒரு கார் பொம்மை வாங்கி, விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "அப்பா பார்சல் அனுப்பிகீறாரு" என்று கொண்டுவந்து கொடுத்தார். சுரண்டியதை நான் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். போனைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே குரல். அப்பா இருக்கும்போதே போனில் யார் என்று தெரியாமல் அம்மா குழம்புவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கி வரும் நேரத்துக்கு, வீட்டு போன் அடித்தது. அம்மா எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, தம்பி கையில் கொடுத்தாள். "நைனா, எப்டி கீற?" என்றது போன். தம்பி குதித்தான். "அப்பா! அப்பா!"

நைனா என்று தம்பியைக் கூப்பிட்டது அப்பா மட்டும்தான். பெரியப்பா அதுவரை அவனை "டேய் குண்டா" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லையும் எடுத்துக்கொண்டார். நான் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நாலு வீடு தள்ளி, அவர் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர் டேங்க் பக்கத்தில், லுங்கியோடு முதுகைச் சொறிந்துகொண்டே நின்றிருந்தார். "இங்க ஒரே வெய்யிலு நைனா" என்றார். எங்கள் ஊரில் அப்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் தலையில் ஒரு துண்டு போட்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது. நான் வெளியே ஓடிவிடுவேன். ஒரு தடவை தம்பி விடவில்லை. "அப்பா உன்ன கூப்புட்றாரு" என்று போனை என் காதில் வைத்து அழுத்தினான்.

"நல்லா கீறியாம்மா? ஒழுங்கா சாப்புட்றியா?" என்றது அந்தக் குரல்.

எல்லாம் தெரிந்தவள் நான். மாடியில் நிற்பது யார் என்று தெரியும். இருந்தும் என் வாயிலிருந்து "அப்பா" என்று வந்துவிட்டது. அந்த ஒரு நொடி எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அடுத்த நொடி என்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. அவரை நான் மன்னிக்காததற்கு இதுதான் காரணம். தம்பியை ஏமாற்றியதற்காக இல்லை. என்னையும், தெரிந்தே, ஏமாற வைத்தார்.

பொங்கல் வந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. ஆனால் கொண்டாடாவிட்டால் பையன் கேட்பான் என்று பெரியப்பா காணும் பொங்கலுக்கு எல்லாரையும் வேனில் ஏற்றி மாமல்லபுரம் கூட்டிப்போனார். தெருப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அம்மா கடலைப் பார்க்காமல், துண்டை விரித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

தம்பி கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். "அப்பாவுக்கு" என்றான். "உனக்கு அப்பா மேல பாசமே இல்ல. போன் வந்தா ஓடிப் போயிட்ற. அப்பா என்ன மட்டும்தான் துபாய்க்கு கூட்டிகினு போவாரு. உன்ன வுட்டுட்டுப் போயிடுவாரு."

மூன்று மாதம் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வெடித்தது. "அப்பா செத்துட்டாருடா" என்றேன். போதாது என்று, "குழி தோண்டிப் பொதைச்சிட்டாங்க. உன் மொட்டை அதுக்குத்தான். போன்ல பேசுறது பெரிப்பா" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. அவனுக்கு வலிக்க வேண்டும் என்றே சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் பொய் சொல்ல விரும்பவில்லை, வலிக்கத்தான் சொன்னேன்.

அவன் இரண்டு கையாலும் மணலை வாரி என் முகத்தில் அடித்தான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, தூரத்தில் வறுத்த மீன் வாங்க நின்றிருந்த பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மீனைத் தின்றான். திரும்பும்போது வேனில் வழக்கம்போலப் பெரியப்பா மடியில்தான் உட்கார்ந்தான். இவன் வாயைத் திறந்தால் நான் செத்தேன், அம்மாவும் செத்தாள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு போன் அடித்தது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தம்பியே போய் எடுத்து, ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினான். நான் பின்வாசலில் நின்றேன். மாடியில் பெரியப்பா தெரிந்தார்.

"நைனா, நாஸ்தா துன்னியா?"

"துன்னேன். அப்பா, நீ செத்துட்டியா?"

அம்மாவின் கையிலிருந்து முறம் நழுவியது. பெரியப்பா மாடியில் அசையாமல் நின்றார். போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நாளைக்குப் பெல்ட்டால் என் தோலை உரிப்பார் என்று நினைத்தேன். மாட்டிக்கொண்டாயா, மாட்டிக்கொண்டாயா என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

"ஆமா நைனா" என்றது போன். "செத்துட்டேன்."

"எப்போ?"

"தீவாளிக்கு முன்னாடி."

"வலிச்சுதா?"

"இல்ல. ஒண்ணியும் வலிக்கல."

தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அக்கா டெய்லி பாத்ரூம்ல கொழாவத் தொறந்து வுட்டுட்டு அழுவுறா. எனுக்குக் கேக்குது. அவ வெளில அழுவலாமா?"

மாடியில் பெரியப்பா டேங்க் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கைப்பிடிச் சுவருக்கு மேல் அவர் தலை மட்டும் தெரிந்தது. போனில் கரகரவென்று மூச்சு கேட்டது. கடைசியில், "அழுவலாம் நைனா. எல்லாரும் அழுவலாம்" என்றது. அது யார் குரல் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அம்மா அப்படியே தரையில் விழுந்து கத்த ஆரம்பித்தாள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஆளு அழக்கூடாது என்றால் அழக்கூடாது, அழலாம் என்றால் நான் உடனே அழவேண்டுமா? முடியாது. நிலைப்படியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தான். என் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அழுவுக்கா" என்றான். "உனுக்காகத்தான் கேட்டேன்."